இதுதான் கடைசிச் செலவு

பழைய ஆம்னி வேனுக்கு இன்னும் பணம் போடுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற கேள்வி, வண்டி மெக்கானிக் ஷெட்டில் சீட் கழற்றிய கோலத்தில் நிற்கும்போதுதான் எழும். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் எழுந்தது. பக்கக் கதவின் ரோலரை மாற்றிக்கொண்டு வரலாம் என்று போன உரிமையாளரிடம், சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு ஒன்று நீட்டப்பட்டது. கிளட்ச் செட் 3,900. வாட்டர் பம்ப் 1,850. பிரேக் ஷூ 1,200. ஆயிலும் ஃபில்டரும் 1,750. 'சில்லறைச் சாமான்' 650. லேபர் 5,000. ஆக மொத்தம் 14,350 ரூபாய். கதவு ரோலர் மட்டும் அதில் இல்லை.

விடையைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் வண்டி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-இல் ஆம்னி ஆனது. மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் இதிலும். முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். கத்திரி வெயிலில் அந்த சீட் தோசைக்கல். வண்டிக்கு மூக்கு கிடையாது. ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகரமும் ஒரு முருகன் ஸ்டிக்கரும்தான் காவல். விபத்துப் பாதுகாப்பு விதிகள் இறுகியபோது, 2019-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சினிமாவில் ஆள் கடத்த இந்த வண்டியையே அனுப்பிய இயக்குநர்கள் எவரும் சொந்தமாக ஒன்றை வைத்திருந்திருக்க மாட்டார்கள். வைத்திருந்தால், அவசர வேலைக்கு அந்தக் கதவை நம்பியிருக்க மாட்டார்கள்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் ரோலர். இங்கே பேசப்படும் 2003 மாடலில் கீழ் ரோலர் போய்ப் பல மாதம் ஆகிறது. இதைத் திறக்க, கைப்பிடியை இழுத்து, கதவை ஒரு விரற்கடை தூக்கி, பின்னால் தள்ள வேண்டும். பாதியில் நிற்கும். அங்கே முழங்காலால் ஒரு தட்டு. மூடுவதற்கும் இதே முறைதான், தலைகீழாக. உரிமையாளரின் மனைவிக்கு இது அத்துப்படி. கையில் காய்கறிப் பை, இடுப்பில் குழந்தை என்று இருந்தபோதே சாத்தியவர். மற்றவர்கள் கதை வேறு. மாமியார் பூஜை அறைக் கதவைச் சாத்துவதுபோல் சாத்துவார். பல்லாவரம் தாண்டுவதற்குள் அது தானே திறந்துகொள்ளும். பக்கத்து வீட்டுப் பையன் மூன்று முறை அடிப்பான். மூன்றாவது, முதல் இரண்டும் பிடித்துப்போனதால். ஊரிலிருந்து வந்த சித்தப்பா, சாதாரணக் கார் என்று நினைத்துக் கதவை வெளிப்பக்கம் இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. "என்னப்பா வண்டி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், திண்டிவனம் வரை திருப்பித் தரவில்லை. சாத்த வருகிற ஒவ்வொருவரிடமும் உரிமையாளர் முதலில் "மெதுவா, மெதுவா!" என்பார், அரை நொடி கழித்து "நல்லா அடிச்சுச் சாத்துங்க!" என்பார். இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடித்த பயணி இதுவரை அமையவில்லை. திருத்தணிக்குப் போக விடிகாலை நாலரைக்குக் கதவைச் சாத்தினால் தெருவே எழுந்து வாசல் தெளிக்கும். எதிர் வீட்டுக்காரர் அன்று மாலை, "சாமி தரிசனம் நல்லபடியா ஆச்சா?" என்று விசாரிப்பார். எங்கே போனீர்கள் என்று கேட்கமாட்டார். சத்தத்தின் நேரத்தை வைத்தே அவருக்குத் தெரியும்.

ரோலரை ஏன் மாற்றவில்லை என்றால், புதுச் சாமான் இப்போது ஸ்டாக் இல்லையாம். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் அங்கே கிடைப்பது வேறொரு ஆம்னியிலிருந்து கழற்றியதாக இருக்கும். அந்த உரிமையாளர் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள்.

விற்கச் சொல்பவர்களில் முதல்வர் வங்கியில் வேலை பார்க்கும் மச்சான். போட்ட பணத்தை நினைத்து மேலும் போடுவதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் விளக்குவார். விளக்கி முடித்ததும் சாமான் ஏற்ற வண்டி கேட்பார். அடுத்து அரசாங்கம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இந்த வண்டிக்கு 2023-இல் 5,000 கட்டியாகிவிட்டது. எனவே 2028 வரை ஓட்டினால்தான் அந்தப் பணம் செரிக்கும் என்பது உரிமையாளர் கட்சி. மச்சான் சொல்லும் பெயர் இதற்கும் பொருந்துமாம். டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் புலம்பினார்கள். பில்லைப் பார்த்த சில மாலைகளில், முடிவெடுக்கும் வேலையை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இங்கே ஒருவருக்குத் தோன்றியதுண்டு.

புரோக்கர் வந்து டயரை உதைத்துப் பார்த்து, "வண்டி சுத்தமாத்தான் இருக்கு சார், 35,000 தரலாம்" என்றார். நாலு டயரும் போன தீபாவளிக்குப் போட்டவை. "விக்கிற ஐடியா இல்லை" என்று உடனே பதில் போயிற்று. அதுவரை அப்படியொரு எண்ணம் இருப்பதாகச் சொல்லி அவரை வரவழைத்ததும் உரிமையாளர்தான்.

வைத்துக்கொள்வதற்குக் காரணம் கேட்டால் பட்டியல் வரும்: கல்யாணத்துக்கு வாழை மரம், சீர்வரிசைத் தட்டு, கிரைண்டர், ஒரு நடுராத்திரியில் தாத்தாவைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அன்றைக்குக் கதவு ஒரே இழுப்பில் திறந்தது.

மெக்கானிக்கின் கட்சி சுருக்கமானது. "கழட்டினதோட கையோட பண்ணிடலாம் சார். தனியாப் பண்ணா இன்னொரு லேபர் ஆகும். இதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்குக் கையே வைக்க வேணாம்." மூன்று வருடத்துக்கு முன் கிளட்ச் போட்டபோதும் இதே வாக்கியம், இதே ஷெட். கழற்றிய வண்டியை வேறு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும். பேரம் பேசியதில் 'சில்லறைச் சாமான்' மட்டும் தள்ளுபடி ஆயிற்று. 13,700 ரூபாய் ஜி-பேயில் போனது.

வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. கிளட்ச் வெண்ணெய். ரோலர் அடுத்த வாரம் வருமாம். அதுவரை கதவை நைலான் கயிற்றால் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், லேபர் இல்லாமல்.