கேட்க மட்டும் அனுமதி

2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றைக் கடலோரக் காவல்படை மடக்கியது. உள்ளே ஐந்தாயிரம் கிலோவுக்கும் மேல் மெத்தாம்பெட்டமின். கூடவே செயற்கைக்கோள் இணையம் தரும் ஒரு ஸ்டார்லிங்க் பெட்டி. வழி பார்த்து வர அதைத்தான் வைத்திருந்தார்கள் என்றது போலீஸ். அன்றைக்கு இந்தியாவில் ஸ்டார்லிங்குக்கு உரிமமே கிடையாது. நடுக்கடலில் நல்ல நெட்வொர்க் வேண்டுமென்றால் எந்தத் தொழிலில் இறங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் யாருக்கும் கிடைத்திருக்காது. இதற்குப் பிறகும் ஒருவன் சூரை மீன் பிடிக்கத்தான் கடலுக்குப் போவேன் என்று அடம்பிடித்தால் அரசாங்கம் என்ன செய்யும், பாவம்.

அப்படி அடம்பிடிக்கிறவர்கள் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறார்கள். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டு ஊர்கள். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவைத் தாண்டி, மகாராஷ்டிரம், குஜராத் பக்கத்து ஆழ்கடல் வரை போவார்கள். போனால் பதினைந்து நாள், ஒரு மாதம், சில தடவை அதற்கும் மேல். கரையோடு பேச அவர்கள் படகில் இருப்பது வி.எச்.எஃப் வயர்லெஸ் செட். அந்த அலை நேர்க்கோட்டில் போகும், உலகத்தின் வளைவைத் தாண்டாது. விசைப்படகின் ஆண்டெனா உயரத்துக்கு இருபது முப்பது கடல் மைல் எட்டினால் அதிகம். அவர்கள் நிற்கும் இடமோ கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல். ஆகவே ஒரு படகு சொன்னதை அடுத்த படகு வாங்கி, அது அடுத்ததற்குச் சொல்லி, நடுவில் ஒரு படகு விலகிவிட்டால் செய்தி அங்கேயே செத்துவிடும்.

2017 நவம்பர் 29 அன்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. மறுநாள் புயலுக்கு ஒக்கி என்று பெயரும் வந்தது. தொலைக்காட்சியில் ஓடியது, செல்போனுக்குக் குறுஞ்செய்தி போனது. எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள் என்ற சிறு விவரம் மட்டும் அந்த ஏற்பாட்டில் விடுபட்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் மிக நன்றாக எச்சரிக்கப்பட்டோம். தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் போய் ஒதுங்கின. தப்பாதவர்கள் குமரி மாவட்டத்தில் மட்டும் நூறுக்கும் மேல். யார் வந்தார், யார் வரவில்லை என்று பங்குத்தந்தைகள் நோட்டுப் போட்டுப் பெயர் எழுதினார்கள். அந்த நோட்டின் கணக்கும் அரசின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஆழ்கடலில் ஆள் இருப்பது சென்னைக்குக் கேட்டது. டிசம்பர் 19 அன்று பிரதமரும் வந்துபோனார்.

அந்தப் படகுகளில் ஏன் சாட்டிலைட் போன் இல்லை? அது குற்றம் என்பதால். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டமும் சேர்ந்து, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் சிறை என்றன. துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களுக்குத் தடை. பி.எஸ்.என்.எல் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாக ஒரு சேவையை 2017 மே மாதம் தொடங்கத்தான் செய்தது. முதலில் அரசு அமைப்புகளுக்கு, மற்றவர்களுக்கு அப்புறம். மே மாதத்துக்கும் அந்த அப்புறத்துக்கும் நடுவில்தான் நவம்பர் வந்தது.

கேட்டால் மும்பை என்பார்கள். 2008 நவம்பர் 26இல் வந்த பயங்கரவாதிகள் சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள், மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள், எனவே மீனவனிடம் சாட்டிலைட் போன் கூடாது. இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். அவர்கள் கடத்தி வந்த குபேர் என்ற குஜராத் படகின் ஓட்டுநரான தண்டேலைக் கொன்றுவிட்டுத்தான் மும்பைக்குள் இறங்கினார்கள். அந்த மனிதரிடம் கரையைக் கூப்பிட ஒரு கருவி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. மாறாக, மீனவனுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள், படகுக்கு மாநிலவாரியாகச் சாயம் அடிக்கச் சொன்னார்கள். கடலின் கண்ணும் காதும் மீனவர்களே என்று மேடையில் பாராட்டினார்கள். கண் சரி, காது சரி. அதற்குக் கீழே முகத்தில் இன்னொரு உறுப்பு இருப்பதுதான் உள்துறைக்கு உறுத்தல்.

ஒன்றுமே தரவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2010 முதல் இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி ஒன்று இருக்கிறது. படகில் தீ, படகு முழுகுகிறது, ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று அதற்குரிய பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் அழுத்தியவனுக்குத் தெரியாது. வேளாங்கண்ணி மாதாவிடம் மன்றாடுவது மாதிரிதான், வேண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 'உன் செய்தி கிடைத்தது' என்று திரும்பச் சொல்லும் இரண்டாம் தலைமுறைக் கருவி வந்தது 2024 ஜனவரியில். அந்த ஒரு வரிப் பதிலுக்கு 14 ஆண்டு. இடையில் நாம் செவ்வாய்க்குப் போனோம், நிலாவின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கினோம். அங்கிருந்து பதில் உடனுக்குடன் வந்தது.

ஒக்கியின் பாடத்தைக் கற்றுக்கொண்ட பின் வந்தது இன்னும் அழகு. 2019 அக்டோபரில் டெல்லியில் மத்திய அமைச்சர் ஹர்ஷ்வர்தன் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். ககன் என்ற செயற்கைக்கோள் ஏற்பாட்டின் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் இருக்கும் இடத்தையும் வாங்கி, ப்ளூடூத்தில் செல்போனுக்குத் தரும். நல்ல காரியம். ஆனால் அது வாங்கும், திருப்பி ஒரு எழுத்தையும் அனுப்பாது. வீல்ஹவுஸ் கண்ணாடியை அலை உடைத்துக்கொண்டிருக்கும்போது, 'காற்று பலமாக வீசக்கூடும்' என்று அது தமிழிலேயே தெரிவிக்கும். டிரைவர் அண்ணாச்சி, 'வீசிக்கிட்டுதாம்யா இருக்கு' என்று செல்போனைப் பார்த்துக் கத்திக்கொள்ளலாம். கடலுக்கும் ஒரு மனதின் குரல் நிகழ்ச்சி. பேசுகிறவர் ஒருவர், மற்றவர்கள் தலையாட்டலாம்.

அதே காலத்தில் வேறொரு கோப்பு எப்படிப் பறந்தது என்று பாருங்கள். ஒக்கி அடித்து ஓராண்டு முடிந்த 2018 டிசம்பரில், விமானத்திலும் கப்பலிலும் பயணம் செய்கிறவர்கள் செயற்கைக்கோள் வழியாகப் பேசவும் இணையம் பார்க்கவும் விதிகள் அறிவிக்கப்பட்டன. விமானம் 3,000 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் பயணி தாராளமாக வாட்ஸ்அப் பார்க்கலாம். மூன்று மணி நேரம் குழந்தையின் போட்டோவுக்கு லைக் போட முடியாமல் தவிக்கும் ஒரு குடிமகனின் துயரம் அரசின் இதயத்தைத் தொட்டுவிட்டது. முப்பது நாள் கரை தெரியாமல் இருக்கிறவனின் துயரம் தொடவில்லை, அவன் 3,000 மீட்டருக்கு மிகவும் கீழே இருக்கிறான்.

பெரிய கப்பல்களுக்கு இந்தக் கவலையெல்லாம் எப்போதோ தீர்ந்தது. கடலில் உயிரைக் காப்பாற்றவென்றே நாடுகள் கூடி 1979இல் இன்மார்சாட்டை உருவாக்கின. 1999 பிப்ரவரி 1 முதல் உலகளாவிய அபாய அழைப்பு ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்து, மோர்ஸ் தந்திக்கு விடைகொடுத்தாயிற்று. இப்போது மாலுமிகளுக்கு நியாயமான கட்டணத்தில் இணையம் தர வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே திருத்தம் வந்து, 2024 டிசம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. சரியான சட்டம்தான். ஒரே நிபந்தனை, அந்த அபாய அழைப்பு ஏற்பாடு கட்டாயமாவது 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கு. உடன்படிக்கையோ மீன்பிடிப் படகை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மூழ்குவதற்கும் ஒரு குறைந்தபட்ச எடை தேவைப்படுகிறது.

நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றுக்குச் செயற்கைக்கோள் இணைப்பு உண்டு. ஆளரவமற்ற சுரங்கத்துக்கும் உண்டு. அவை தொழில், கட்டணம் கட்டும் வாடிக்கையாளர். மீன்பிடிப்பு அப்படியல்ல, அது நலத்திட்டம். மீனவர் என்பவர் பயனாளி. பயனாளி கேட்கக் கூடாது, கொடுக்கும்போது கையை நீட்டி, போட்டோவுக்கு நிற்க வேண்டும். 2023-24இல் நாட்டின் கடலுணவு ஏற்றுமதி 60,000 கோடி ரூபாயைத் தாண்டியது என்று பெருமைப்படும்போது மட்டும் அது தொழிலாகிவிடும். (அதில் பெரும்பங்கு பண்ணை இறால் என்பார்கள். இருக்கட்டும். இங்கே சூரை பண்ணையில் வளர்வதில்லை.)

கடைசியில் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர், 364 கோடி ரூபாய். இது இருவழி. கரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், வாங்கலாம், ஆபத்து என்று சொல்லலாம். எனக்கும் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பெட்டி எந்தச் செயற்கைக்கோளோடு பேசுகிறது என்று விசாரித்தபோது மகிழ்ச்சி நின்றுவிட்டது. ஜிசாட்-6. ஆறு மீட்டர் விரியும் ஆண்டெனாவோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது மேலே போனது 2015 ஆகஸ்ட் 27 அன்று. ஒக்கிக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு. அலையில் தத்தளித்தவர்களின் தலைக்கு மேலே, கூப்பிட்டால் கேட்கக்கூடிய காது ஒன்று அன்றைக்கே இருந்தது. கூப்பிடுவதற்கான பெட்டியை நாடு முழுக்கக் கொடுக்க முடிவெடுப்பதற்குத்தான் ஒன்பது ஆண்டு. விஞ்ஞானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோப்பு எந்த மேஜையில் தூங்கியது, யார் கையெழுத்துக்குக் காத்திருந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை, விசாரிக்கப்போவதுமில்லை. செத்தவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதில் எத்தனை பெட்டி வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடுவது நாகரிகமில்லை என்று சொல்கிறார்கள். நான் போட்டுப் பார்த்தேன். ஒரு சாவின் விலையில் ஒரு ஊரின் படகுகளுக்கே மாட்டியிருக்கலாம்.

புதிய பெட்டிக்கு இன்னொரு திறமையும் உண்டு. சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். உள்ளே இருப்பவன் எங்கே இருக்கிறான் என்பதை இந்த அரசு எப்போதும் மிகுந்த அக்கறையோடு விசாரித்து வந்திருக்கிறது. எப்படி இருக்கிறான் என்பது இணைப்பு இரண்டில் வரும்.

2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கும் உரிமம் கொடுத்தாயிற்று. அலைக்கற்றைக்கு எத்தனை சதவீதம் என்று பேரம் நடந்தது. தேசப் பாதுகாப்பு என்று இத்தனை காலம் சொன்ன வாயெல்லாம் சதவீதம் என்று சொல்லப் பழகிக்கொண்டது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் வழியாக ஒருவன் பேசினால் நாட்டுக்கு ஆபத்து என்பது, சந்தா எவ்வளவு என்று முடிவாகும் வரைக்குமான ஆபத்து போலிருக்கிறது.

இத்தனை செயற்கைக்கோளும் போவது மீனவனின் கடலுக்கு மேலேதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளெல்லாம் பழவேற்காட்டில் கடலுக்குப் போகத் தடை. ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் அனுப்பியபோதும் அந்த ஊர்க்காரர்கள் கரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். இப்போது குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியாயிற்று. இனி தூத்துக்குடிக் கரைக்கும் அந்த உத்தரவு வரும். நாள், நேரம், எத்தனை கடல் மைல் விலகி நிற்க வேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஒரு தெரு விடாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். ராக்கெட்டின் பாதுகாப்பு விஷயத்தில் இந்தத் தேசத்தின் செய்தி மீனவனுக்கு ஒருமுறைகூடப் பிந்தியதில்லை.