முன்சக்கரத்து டொக்டொக்கும் மாநகராட்சியும்: ஓர் ஆய்வு

காரின் முன்பக்கத்தில் எழும் 'டொக் டொக்' ஓசை பற்றிய ஆய்வுகள் இதுகாறும் காருக்குள் உட்கார்ந்தே நடந்துள்ளன. ஓட்டுபவர் சத்தம் இடப்பக்கம் என்பார்; அடுத்த இருக்கையார் வலப்பக்கம் என்பார். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் சரியாகிவிடும் என்பது பின்னிருக்கையார் கொள்கை. செலவில்லாததால் இதற்கே ஆதரவு அதிகம்.

முதலிருவரும் பிழைபடக் காரணம் ஏர்ல் மெக்பெர்சன். இந்த அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த முறையில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஸ்ட்ரட் என்னும் ஒரே தூணாகி, அதன் தலை பானெட்டுக்கு அடியில் காரின் உடம்போடு நேராக இணைகிறது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இதே அமைப்புதான். கீழே எந்த மூட்டு ஆடினாலும் ஓசை தூண்வழி தகரத்தில் ஏறி எல்லாருடைய காலடியிலும் கேட்கும். ஆகவே ஓசை எங்கே கேட்கிறது என்பது தள்ளத்தக்கது. எப்போது கேட்கிறது என்பதே கொள்ளத்தக்கது.

நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே 'டொங்' என்றால் ஸ்ட்ரட் மவுண்ட்டைச் சந்தேகிக்கலாம். பிரேக்கை மெல்ல மிதித்ததும் அடங்கிப்போனால் காலிப்பரையும் பேடையும் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும் நொடியில் ஒரே ஒரு 'டொக்' என்றால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ். பால் ஜாயின்ட்டில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் அந்த மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி நடுரோட்டில் படுத்துவிடும்.

ஆய்வின் மையப்பொருள் லிங்க் ராட். சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான கம்பி. இரு முனையிலும் குட்டி பால் ஜாயின்ட். இடவலச் சக்கரங்களுக்குக் குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு பிணைப்பது இதன் வேலை. இரு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் முறுகாது. லிங்க் ராடும் சும்மா இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால்தான் பார் முறுகி, தேய்ந்த மூட்டு வாய்திறக்கும். எனவே இந்திய சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 99ஆம் வழிகாட்டுதல் 1988இல் சொன்னபடி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒழுங்காகப் போட்ட வேகத்தடையால் ஆய்வுலகுக்குப் பயனில்லை. பைக்காரர்கள் நுழைந்து போக ஓரத்தில் உடைத்துவைத்த வேகத்தடையே உத்தமம்.

மெக்கானிக்கைக் கண்டால் சத்தம் ஒளிந்துகொள்ளும் என்ற தொன்மையான நம்பிக்கையும் இங்கே விளக்கம் பெறுகிறது. ஒர்க்ஷாப் தரை சிமெண்ட். லிஃப்டில் ஏற்றினாலோ இரு சக்கரமும் சமமாகத் தொங்கும். "எல்லாம் டைட்டாத்தானே சார் இருக்கு?" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. தேர்ந்தவர் லிஃப்ட் பக்கமே போகமாட்டார். "வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாம்" என்று, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவுக்கு ஓட்டிப்போவார். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பள்ளத்தைத் தேடிப்பிடித்து ஒற்றைச் சக்கரத்தை இறக்குவார். திரும்புவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "லிங்க் ராடு அவுட்டு சார். ரெண்டு சைடும் மாத்திடலாம்." ரெண்டு சைடு என்பதில் வியாபாரம் இல்லாமலில்லை, ஆனால் மறுபக்கத்துக் கம்பியும் அதே தெருக்களில் ஓடித் தேய்ந்ததுதான்.

ஒரு முன்னெச்சரிக்கை. டிக்கியில் ஒழுங்காகப் பொருத்தாத ஜாக்கியும், சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டிலும் சஸ்பென்ஷன் குரலில் பேச வல்லவை. அவற்றை இறக்கிவைத்த பின்பே ஆய்வைத் தொடங்குக. இல்லையேல் புது ஷாக் அப்சார்பர் மாட்டிய பிறகும் ஜாக்கி பேசிக்கொண்டே வரும்.

சாலைச் சீரமைப்பை ஆய்வாளர்கள் எதிர்க்கவில்லை. ஒர்க்ஷாப்புகள் மிகுந்த தெருக்களின் முனையில் மட்டும், இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பள்ளங்களை மூடாமல் விட்டுவைக்குமாறு மாநகராட்சிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மழைக்காலத்தில் அடையாளத்துக்கு வேப்பங்கிளை நடும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம்.