நம்ம தெருவுக்கு பஸ் வருமா?

அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். சாய்ஸ் பட்டியலை நாளை மாலை ஐந்து மணிக்குள் பூட்டிவிட வேண்டும். அதற்காக நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தயாரித்த தாள்களை நேற்று அத்தான் இரண்டே நிமிடத்தில் புரட்டி முடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி மாப்ளே, இதுல நம்ம தெருவுக்கு பஸ் வர்ற காலேஜ் எது?"

அந்தத் தாள்களில் என்னதான் இல்லை? எந்தக் கல்லூரியில் எந்தத் துறைக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறது, எது தன்னாட்சி, போன வருடம் எந்த ரவுண்டில் எந்தக் கட்-ஆஃபோடு சீட் தீர்ந்தது, எல்லாம் இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் வேறு அடித்திருந்தேன். இதையெல்லாம் என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். நான் படித்தது பி.ஏ. வரலாறு. இன்ஜினியரிங் காலேஜுக்குள் நான் கால் வைத்ததெல்லாம் அவர்களுடைய கம்ப்யூட்டர் லேபில் பேங்க் எக்ஸாம் எழுதத்தான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் எவன் தகுதி பார்த்தான்?

சரியான கல்லூரியைக் கண்டுபிடிக்க என்னிடம் இரண்டு விதிகள் இருக்கின்றன. அத்தான் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த பஸ் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

இந்தச் சேர்க்கையை ஒழுங்காக நடத்த இந்த மாநிலம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1984-ல் நுழைவுத் தேர்வை வைத்தார்கள். 2007 சேர்க்கையிலிருந்து எடுத்தார்கள். நடுவில் 1997-ல் ஒற்றைச் சாளரம் வந்தது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப், அதுவும் புள்ளி வைத்து. ரெண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் கணக்கு மார்க்கைப் பார்க்கிறார்கள், பிறகு இயற்பியலை. அப்படியே போய்ப் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். அதிலும் தீராவிட்டால் ரேண்டம் எண். முன்பெல்லாம் ராத்திரி வண்டி பிடித்து கிண்டிக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழகப் பந்தலில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். நானூற்றுச் சொச்சம் கல்லூரிகளில் எத்தனையை வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே வரிசை போடலாம். இவ்வளவும் செய்து கொடுத்த பிறகு, வரிசையைத் தீர்மானிப்பது குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனையில் காலை 6.25-க்கு வந்து நிற்கும் மஞ்சள் வண்டி.

அத்தான் ஒரு காலேஜுக்கு போன் போட்டார். துறைத் தலைவர் யார், லேப் எப்படி, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், ஒன்றும் கேட்கவில்லை. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜைக் கேட்டு வாங்கி இருபது நிமிடம் பேசினார். பேசி முடிக்கும்போது டிரைவரின் செல் நம்பர் கையில் இருந்தது. பிரின்சிபால் பெயர் இன்னும் அவருக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை. நாலு வருடத்தில் அவசரம் என்று வந்தால் யாரைக் கூப்பிடப்போகிறோம்? டிரைவரைத்தானே?

எதிர் வீட்டு அம்மா, "பாப்பாவுக்கு எந்தக் காலேஜ் பாக்குறீங்க?" என்று கேட்டால் அக்கா கல்லூரியின் பெயரைச் சொல்வதில்லை. "வாசல்லயே ஏத்திக்கிறாங்க" என்கிறாள். அந்த அம்மாவின் முகம் சட்டென்று சுருங்குகிறது. அவர் பையன் பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரை நடக்கிறான். வாசலில் ஏற்றுவது ஒரு தரம், முனையில் ஏற்றுவது அதற்கு ஒரு படி கீழே, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏற்றுவது பரம ஏழை. ஏசி வண்டி என்றால் மட்டும் மெயின் ரோடு வரை நடக்கலாம், கௌரவக் குறைவில்லை. இத்தனை நுணுக்கமான தரவரிசையை டெல்லியில் உட்கார்ந்து யாரும் போட முடியாது.

வண்டிக்குள் ஏறிப் பாருங்கள். முன்பாதி பெண்கள், பின்பாதி பையன்கள், நடுவில் எல்லைக்கோடாக ஒரு அசிஸ்டென்ட் புரொஃபசர். எல்லையைக் காப்பது அவர் வேலை. ஆனால் அவர்தான் முதலில் தூங்குகிறார், பாவம், அவரும் நாலரைக்கு எழுந்தவர். தாம்பரம் தாண்டுவதற்குள் கண்ணாடியில் சாய்ந்த தலைகள் வரிசையாக ஆடும். பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நிற்கும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் தூங்குவார்கள். இன்டர்னல் டெஸ்ட் நாளில் மட்டும் வண்டி முழுக்க முணுமுணுப்பு. ரெக்கார்டு நோட்டு மடிக்கு மடி நகர்ந்து காப்பியாகிறது. எந்தப் பேப்பருக்கு யாருடைய நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், எந்த எக்ஸ்டர்னல் கறாரானவர் என்பதெல்லாம் இங்கேதான் போதிக்கப்படுகிறது. சீனியரோடு ஜூனியர் பேசும் ஒரே இடம் இது. என்னைக் கேட்டால் நாக் குழு ஆய்வுக்கு வரும்போது வகுப்பறைக்குள் போகவே வேண்டாம், இந்த வண்டியில் ஒரு நாள் ஏறினால் போதும்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. காய்ச்சல் என்று சொன்னால் சர்டிஃபிகேட் கேட்பார்கள். பாட்டி செத்துப்போனால் எந்தப் பாட்டி என்று கேட்பார்கள். ஆனால் "பஸ் லேட் சார்" என்றால் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விடுவார்கள், ஏனென்றால் கேட்க வேண்டியவரும் அதே வண்டியில்தான் வந்தார்.

அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். எனக்கு வயிறு எரிவது சாயங்காலத்தை நினைத்துத்தான். முதலாண்டு தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர், "கல்லூரி வாழ்க்கையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று பேசிக்கொண்டிருப்பார். வெளியே வண்டிகள் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நிற்கும். மூன்றே முக்காலுக்கு அவர் "ஏதாவது கேள்விகள்?" என்பார். ஐந்நூறு பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். லைப்ரரி ஏழு மணி வரை திறந்திருக்கும் என்று போர்டு இருக்கிறது. நாலு மணிக்கு மேல் அங்கே லைப்ரரியனும் ஃபேனும்தான். வகுப்பில் புரியாததைக் கேட்கப் போனால் "நாளைக்கு வாம்மா, பஸ் போயிடும்" என்கிறார் பேராசிரியர். நாடகம் போட நினைத்தவன், ரோபோ செய்ய நினைத்தவன், சும்மா மரத்தடியில் உட்கார்ந்து அரசியல் பேச நினைத்தவன் எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு நாலு மணிக்கு வண்டி கிளம்பிவிடுகிறது. நூறு ஏக்கர் வளாகம் என்று புரோஷரில் படம் போடுகிறார்கள். அந்த நூறு ஏக்கரை இருட்டிய பிறகு பார்த்த டே ஸ்காலர் எவனாவது இருந்தால் காட்டுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு கல்லூரி உண்டு: எம்.ஐ.டி. சி. ராஜம் 1949-ல் தொடங்கியது, அப்துல் கலாம் படித்தது. அத்தானின் கணக்குப்படி உலகத்திலேயே சிறந்த கல்லூரி அதுதான். காரணம் கலாம் இல்லை, தூரம். ஆனால் அதற்குப் பெண்ணின் கட்-ஆஃப் பத்தாது. அந்த ஏக்கத்தில்தான் அத்தான் வாசலுக்கு வரும் வண்டியைத் தேடுகிறாரோ என்னவோ.

சரி, என் முதல் விதியை நேற்று அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "அத்தான், புரோஷரை நம்பாதீங்க. ஒரு சாதாரண வேலை நாள்ல சாயங்காலம் அஞ்சரைக்கு அந்தக் காலேஜுக்குப் போய்ப் பாருங்க. லேப்ல, கிரவுண்டுல, கேன்டீன்ல பசங்க இருந்தா அது காலேஜ். செக்யூரிட்டி மட்டும் இருந்தா வேண்டாம்."

அத்தான் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அஞ்சரைக்குப் போனா திரும்பி வர பஸ் இருக்காதே மாப்ளே."

இரண்டாவது விதியை நான் சொல்லவில்லை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு செருப்பை மாட்டினேன். கேட் வரை வந்த பெண்ணிடம், "நீ சொல்லும்மா, உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"பதினாலு பி, மாமா."

"அது என்ன கோர்ஸ்?"

"கோர்ஸ் இல்ல மாமா, ரூட்டு. ஏசி வண்டி. ஆனா ஜன்னல் சீட்டு தேர்டு இயருக்கு மேலதான் குடுப்பாங்களாம்."