கேமராவின் தலைக்கூம்பு

கே: பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் சிலவற்றின் உச்சியில் கூம்பு இருக்கிறது, சில மொட்டைத் தலை. எங்கள் ஏரியில் பூநாரையைப் படமெடுக்க எது தோது?
– வாசகர், பழவேற்காடு

ப: சந்தேகமே வேண்டாம், கூம்புதான். அதற்குள் ஐம்முகப் பட்டகம் இருக்கிறது. இடவலம் மாறி வரும் காட்சியை நேராக்கிக் கண்ணுக்குத் தருவது அதுதான். 1936இல் வந்த கீனே எக்ஸாக்டாவில் அது கிடையாது. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பூநாரைக் கூட்டம் ஆந்திரா பக்கம் பறக்கும். நீங்கள் கேமராவைக் காட்டுப்பள்ளி பக்கம் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்!

மொட்டைத் தலையிலும் ஒரு ரத்தினம் உண்டு: 1963இன் ஒலிம்பஸ் பென் எஃப். உள்ளே கண்ணாடி பக்கவாட்டில் திரும்புவதால் கூம்பு தேவைப்படவில்லை, காட்சியும் நேரானதே. 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். ஆனால் நெகட்டிவ் பாதி அளவுதான். தூரத்துப் பறவைக்குப் போதாது.

நிக்கான் எஃப் (1959) கூம்பைக் கழற்றலாம். சேற்றில் மேயும் உள்ளானைத் தரைமட்டத்தில் எடுக்க, கூம்புக்குப் பதில் குனிந்து பார்க்கும் காட்சிப்பெட்டியை மாட்டினால் சேற்றில் படுக்க வேண்டாம். அந்த வசதிக்காகவே அதை நேசிக்கிறேன். ஆனால் உப்புக்காற்றில், ஆடும் படகில் கழற்றாதீர்கள். மணலும் ஈரமும் உள்ளே இறங்கிவிடும். படகுக்குக் கூம்பு நிலையாகப் பொருந்திய பென்டாக்ஸ் கே1000 வாங்குங்கள்.