கரண்டுக்குக் கலர் தெரியுமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் வானம் லேசாக இருட்டினாலே காரை உள்ளே விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே அந்தக் காரில் வேலையே வராத பாகம் ஒன்று உண்டென்றால் அது வைப்பர்தான். அந்த வைப்பருக்கு ஒயர் மாற்றுவதில் என் கோடை காலம் முழுவதும் போயிற்று.

“மழை பெஞ்சா உள்ள விட்டுப் பூட்டப் போறீங்க. வெயில் அடிச்சா தொடைக்க ஒண்ணுமில்ல. அப்புறம் எதுக்குங்க இது?” என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லாத கேள்விக்குப் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: “ஒரிஜினாலிட்டி.”

வண்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கலாட்டி வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்து, 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரானது. இதன் பானட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து எழுந்துகொள்ளும். முன் டயர்மேல் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு இவ்வளவு உபசாரம் செய்த மகராசர்கள், வைப்பர் ஒயரை மட்டும் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். அதைப் பார்க்க, சீட்டில் காலும் பெடலில் தலையுமாகப் படுக்க வேண்டும். எழுந்திருக்கும் வழியைப் படுப்பதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கால இங்கிலீஷ் கார்களில் மின்சாரம் என்றால் பெரும்பாலும் லூகாஸ்தான். லூகாஸ் ஒயருக்கு ஒரு வர்ண தர்மம் உண்டு. (நான் ஆதரிக்கும் ஒரே வர்ண தர்மம் இதுதான்.) பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன். சாவி போட்டதும் உயிர் பெறுவது வெள்ளை. அதுவே ஃபியூஸைத் தாண்டிவிட்டால் பச்சை. எர்த் கறுப்பு. ஒயரிங் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், என் வண்டியில் எல்லாமே மஞ்சள்! எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர், ஒரு காயில் மஞ்சள் ஒயர் மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் வண்டி முழுவதும் இழுத்திருக்கிறார். மஞ்சள் தீர்ந்த இடத்தில் ஸ்பீக்கர் ஒயர். அதுவும் தீர்ந்த இடத்தில் கல்யாண வீட்டு சீரியல் செட் ஒயர். ஒட்டுப் போட்ட இடத்திலெல்லாம் மருந்துக்கடை பிளாஸ்திரி.

“பாய், இதுல எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று எலெக்ட்ரீசியனிடம் கேட்டேன்.

டெஸ்ட் லேம்ப்பை வாயில் கவ்விக்கொண்டே பாய் சொன்னார்: “கரண்டுக்குக் கலர் தெரியுமா சார்?”

லூகாஸுக்கு இங்கிலாந்தில் ‘இருட்டின் இளவரசர்’ என்று கேலிப் பட்டம் உண்டு. என் வண்டியைப் பொறுத்தவரை இது வீண்பழி. வைப்பர் மோட்டாரைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்ததும், ஒன்றுமே நடக்காதது போல அது சுற்றியது. தகராறெல்லாம் அதைச் சுற்றி இருந்தவர்களிடம்தான். மோட்டாரிலிருந்து ஒரு குழாய்க்குள் முறுக்குக் கேபிள் ஒன்று முன்னும் பின்னும் இழுபடும். அது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு பல்சக்கரங்களை இப்படியும் அப்படியும் திருப்பும். குழாயில் இருந்த கிரீஸ் பக்தவத்சலம் ஆட்சிக் காலத்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் கேபிள் வெளியே வரச் சம்மதித்தது.

இந்த மோட்டாரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்விட்ச் என்றால் வருகிற கரண்டைத் தடுப்பது என்றுதான் நினைப்போம். இதில் சாவி போட்டதுமே பச்சை ஒயர் வழியாகக் கரண்ட் மோட்டாருக்கு வந்து காத்திருக்கும். ஸ்விட்ச் கொடுப்பது எர்த்தை. அதாவது, வரவு எப்போதும் உண்டு, செலவுக்குத்தான் அனுமதி வேண்டும். எங்கள் வீட்டு நிலவரத்துக்கு நேர் எதிர். ஸ்விட்சை அணைத்தாலும், பிளேடு கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து சேரும்வரை மோட்டாருக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ஸ்விட்ச் எர்த்தை விடாது.

இவ்வளவும் எர்த்தை நம்பி இருக்கிறது என்பதை எங்கள் பெயிண்டரிடம் யாரும் சொல்லவில்லை. இரும்பு கண்ணில் பட்டால் அடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. எர்த் போல்ட் உட்காரும் இடங்களுக்கும் பட்டி, பிரைமர், கோட்டு மேல் கோட்டு. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் மீட்டர் முள் தாளம் போட்டது. வைப்பரைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. பாய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் புதுப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“பாய், மனசாட்சி இருக்கா?” என்று பெயிண்டர் அலறினார்.

“மனசாட்சி இருக்கு தம்பி. எர்த்துதான் இல்ல.”

சுரண்டிய இடத்தில் கறுப்பு ஒயரை வைத்து முடுக்கியதும் வைப்பர் ஓடியது. அணைத்தால், சரியாக என் கண்ணுக்கு நேரே நடுக் கண்ணாடியில் நின்றது. மோட்டாரின் தலையில் இருக்கும் சின்ன மூடியைத் திருப்பினால் பிளேடு நிற்கும் இடம் மாறும். “கொஞ்சம் கிழக்க… ஐயோ, ரொம்ப கிழக்க” என்று நான் சொல்லச் சொல்ல, பாய் திருப்பித் திருப்பி அதை ஓரத்தில் படுக்க வைத்தார்.

அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903-இல் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வண்டிக்குள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ரப்பர், அவ்வளவுதான். எந்தக் கம்பெனியும் அதை வாங்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. நம் லாரி டிரைவர்களின் வழி இன்னும் சுலபம்: நனைத்த புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். பாய்கூட அதைத்தான் முதலில் சிபாரிசு செய்தார். அந்தக் காலத்துச் சொந்தக்காரர்கள் சிலர், திருட்டுக்குப் பயந்து பிளேடைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்திருப்பார்கள். மழை வந்ததும் இறங்கி, நனைந்துகொண்டே மாட்டுவார்கள். கார்க் கண்ணாடி தெளிவாகிவிடும். மூக்குக் கண்ணாடியில்தான் ஒன்றும் தெரியாது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் ஹாரன் அடித்துக் காட்டுவார், பாட்டுப் போட்டுக் காட்டுவார். நீங்கள் வைப்பரைப் போடச் சொல்லுங்கள். முதலில் கண்ணாடியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல் விழும். பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச், எர்த், பல்சக்கரம் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அது போய், திரும்பி வந்து, சொன்ன இடத்தில் படுக்கும். “நாம என்ன சார், மழையிலயா ஓட்டப் போறோம்?” என்று அவர் சிரித்தால், முழு ஒயரிங் கிட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பியுங்கள்.