ஐம்பது பிள்ளைகளும் ஓர் அறிக்கையும்

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட அலகைப் பாராட்டி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். ஆண்டறிக்கை கைக்கு வந்துவிட்டது; இனியும் தள்ளிப்போடுவது நியாயமில்லை. வழவழப்பான தாள், அட்டை முதல் அட்டை வரை வண்ணப் படம். தேடிப் பார்த்தும் ஓர் எழுத்துப்பிழை அகப்படவில்லை. அந்தப் பள்ளியின் வினாத்தாளுக்குக்கூட வாய்க்காத பெருமை இது.

மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அலகில் 50 பேர். ஐம்பது பேருமே சரியாக 120 மணி நேரம் செய்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. அம்மை போட்டு மூன்று வாரம் வேப்பிலைப் படுக்கையில் கிடந்த பையனும் அந்த மூன்று வாரமும் தெருக்கூட்டியதாகப் பதிவேடு சொல்கிறது. ஒரு பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது என்று பேனா பிடித்தவருக்கு எத்தனை அக்கறை!

சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் உண்டு, தேசிய பசுமைப் படை உண்டு. மூன்று அமைப்புக்கும் தனித்தனியே நெகிழி ஒழிப்பு ஊர்வலம் நடத்தினால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது? ஒரே ஊர்வலம், பேருந்து நிலையத்தருகே நின்று பதாகையை மூன்று முறை மாற்றிப் பிடித்தார்கள். மூன்று படம், மூன்று அறிக்கை. மூன்று பதாகையும் ஃபிளெக்ஸ். ஊர்வலம் முடிந்ததும் அவற்றைச் சுருட்டிப் பத்திரமாக அறையில் வைத்துவிட்டார்கள், அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று.

ஜூன் 5 அன்று 20 மரக்கன்று நட்டார்கள். மேடையில் இருந்த பெரியவர்கள் 23 பேர். ஒரு கன்றை ஏழெட்டுக் கைகள் தாங்கின. கன்றின் மேல் வெயில் படாமல் அவர்கள் சூழ்ந்து நின்றார்கள். அந்த வெயிலைப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் கையிலும் மண் ஒட்டவில்லை.

காலாண்டு விடுமுறையில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் பிறந்தது. பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சக்கரம் கோனார்க் கோயிலுடையது. அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தையும் குறிப்பவை. அதற்கேற்ப எந்நேரமும் ஆயத்தமாக நின்ற ஒருவரை அங்கே கண்டேன்: புகைப்படக்காரர். தொடக்க விழாவில் ஒன்பது பேருக்குப் பொன்னாடை. பிற்பகல்தோறும் உரை. முகாமுக்கென்று வாங்கிய 25 மம்பட்டிகளும், கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு கிழியாமல், வாங்கிய பளபளப்போடு திரும்பி வந்தன. அரசுப் பொருளை இப்படிப் பேணுகிறவர்கள் அபூர்வம்.

ஊருணிக் கரையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை மட்டும் மெய்யாகவே வெட்டினார்கள். பிள்ளைகள் முள் குத்தி, கை கிழிய வெட்டினார்கள். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் முழங்கால் உயரத்தில் வெட்டினால் போதும், படத்தில் கரை வெளுப்பாகத் தெரிந்துவிடும் என்று சொல்லப்பட்டது. தூரைத் தோண்டி எடுக்காவிட்டால் அந்த மரம் மறுபடி தழைக்கும் என்பதை அந்த ஊரில் ஆடு மேய்க்கும் சிறுவனும் சொல்வான். அவனை யாரும் கேட்கவில்லை. ஐப்பசி மழை பெய்தது. ஜூனில் நட்ட கன்றுகளில் மிஞ்சியவை மூன்று. செப்டம்பரில் வெட்டிய கருவேலத்தில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

அறிக்கையில் இடம்பெறாத ஒன்றும் நடந்தது. என் தங்கை மகள் அந்த முகாமில் இருந்ததால் எனக்குத் தெரியும். நான்காம் நாள் மதியம் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை ஏன் நின்றுபோனது என்று கேட்டு, ஒரு காகிதத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இவளும் இவள் தோழியும் அதைப் படித்துச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதித் தந்தார்கள். அரை மணியில் பக்கத்து வீட்டார் வந்தார்கள். அன்று மாலைக்குள் பதினொரு மனு. ஆட்சியர் அலுவலக வாசலில் காசு கொடுத்து எழுதிக்கொள்கிறவர்கள் அவர்கள். பன்னிரண்டாவதை எழுதும்போது, "நிகழ்ச்சி நிரலில் இல்லாத வேலை எதற்கு, விருந்தினர் வந்துவிட்டார்" என்று பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். வரவேற்பில் கைதட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த அரை நாள் பதிவேட்டில் "சிறப்புரை கேட்டல்" என்றிருக்கிறது.

திட்ட அலுவலர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வேலை கேட்டார்கள், நீங்கள் வரிசை கொடுத்தீர்கள். இந்த ஆண்டு முகாமுக்குப் புது ஊர் தேட வேண்டாம். அதே ஊருக்குப் போங்கள். மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு மேசையும் ஏழு நாளும் கொடுங்கள். கரைக்கு அந்த 25 மம்பட்டிகளையும், கூடவே கடப்பாரையும் எடுத்துப் போங்கள். கருவேலம் இப்போது ஆள் உயரம் நிற்கிறது. பன்னிரண்டாவது மனு பாதியில் நின்ற அம்மா அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறார்.