இரண்டு மீட்டர்காரர்

காலாபகஸ் தீவுகளுக்குப் போய்த் திரும்பியவரோடு மரக்காணம் பக்கத்துக் கழுவெளிச் சதுப்புநிலத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஓர் அளவுநாடா எடுத்துப் போவது நல்லது. பேச்சு எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும். வேனை விட்டு இறங்கியதுமே இரண்டு கைகளையும் விரித்து நம்மைத் தடுத்துவிடுவார்.

“ரெண்டு மீட்டர்! ரெண்டு மீட்டர்!”

எதிரே நிற்பது நண்டு.

ஈக்குவடார் அரசாங்கத்தின் விதி அது. எரிமலைகள் கக்கிய அந்தத் தீவுகளில் எந்த உயிரையும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. நல்ல விதிதான், யார் இல்லையென்றது? ஆனால் அதை அங்கேயே விட்டுவிட்டு வராமல் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவந்துவிட்டார். மரக்காணம் டீக்கடை நாய்க்கு ஒருத்தர் பிஸ்கட் போட்டால் “ரெண்டு மீட்டர்”. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடு குறுக்கே வந்தால் டிரைவருக்கு “ரெண்டு மீட்டர்”. பாவம், அந்த டிரைவர் பிரேக் போட்டது அதற்குள்தான். அவரிடம் இந்த விதியை மதிக்காத ஒரே உயிர் உப்பங்கழிக் கொசு.

காலாபகஸில் அந்த விதி எதற்கு? அங்கே எதற்கும் மனிதர் மேல் பயமில்லை. கடல்சிங்கம் ஊருக்குள் வந்து பெஞ்சில் படுத்துத் தூங்கும். கடல் உடும்பு காலடியில் கிடந்து மூக்கு வழியே உப்பைத் தும்மும். 1835இல் அங்கே போன டார்வின், கிளையில் உட்கார்ந்திருந்த பருந்தைத் துப்பாக்கி முனையாலேயே தள்ளிவிட்டதாக எழுதிவைத்திருக்கிறார். இவர் மட்டும் அன்றைக்குக் கூட இருந்திருந்தால் டார்வினுக்கும் கிடைத்திருக்கும், “ரெண்டு மீட்டர்”.

கழுவெளியில் அந்தக் கவலையே நமக்குத் தேவையில்லை. பறவைகளே பார்த்துக்கொள்கின்றன. பூநாரைக் கூட்டம் நம் தலை தெரிந்ததுமே நடந்து நடந்து நடுநீருக்குப் போய்விடுகிறது. நீலச்சிறகி வேனின் கதவுச் சத்தத்துக்கே கிளம்பிவிடுகிறது. கண்ணியும் வலையும் துப்பாக்கியும் கண்ட பறவைகள் வேறென்ன செய்யும்? 2021 டிசம்பரில் கழுவெளியைச் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஆகஸ்டில் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். அரசாணையை இன்னும் பறவைகள் படித்து முடிக்கவில்லை. இருநூறு மீட்டருக்கு அப்பால் தொலைநோக்கியில் கடுகளவு தெரிகிற கொசு உள்ளானைக் காட்டி, ஓரடி முன்னால் வைத்த என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார் மனிதர்.

காலாபகஸில் நீர்க்காகம்கூடப் பறக்காதாம், பெருமையாகச் சொல்வார். அரிய பறவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பது கிராம்கூடத் தேறாத இந்தக் கொசு உள்ளான் வடதுருவத்துத் தூந்திரத்திலிருந்து கப்பலும் டிக்கெட்டும் இல்லாமல் மரக்காணம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு பாராட்டு கிடையாது.

இத்தனைக்கும் புதுச்சேரியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். மரக்காணம் ஒரு மணி நேரத் தூரம். ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. முதல் பூநாரையைக் காலாபகஸின் ஃப்ளோரியானா தீவில்தான் பார்த்தாராம். அந்தத் தீவுக்கூட்டம் முழுவதும் தேடினாலே பூநாரை சில நூறுதான் தேறும். அங்குள்ள தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் மட்டும் இப்போது இருநூறு டாலர். அந்த முதல் பூநாரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழதழத்துவிடும், கை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும். அந்த நேரத்தில் நமக்கும் அவர் மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது. இரண்டு நிமிஷம் இருக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் நடந்ததைத்தான் என்னால் சிரித்துவிட்டு விட முடியவில்லை. மாசி மாதம். மழைநீர் வடிந்து, சேறு வழித்து, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கிவைத்திருந்த சமயம். அந்தத் தரை கெட்டால் உப்போடு மண் ஏறும், உப்பு கறுக்கும், விலை போகாது. பவளக்கால் உள்ளான் ஒன்று பாத்தி ஓரத்தில் நின்றது. நம்மவர் பூட்ஸ் காலோடு வரப்பிலிருந்து இறங்கிவிட்டார், படம் எடுக்க. வரப்பை மிதித்த இடமும் சரிந்தது.

“சார், சார்! பாத்தில எறங்காதீங்க சார். நேத்துதான் மிதிச்சு வுட்டுருக்கோம்,” என்று ஓடி வந்தார் ஒரு பெரியவர். வெறுங்கால், உப்பு அரித்து வெடித்த பாதம்.

நம்மவர் திரும்பாமலே கையை நீட்டி அவரைத் தடுத்தார். “கிட்ட வராதீங்க! பறவை பறந்துடும். ரெண்டு மீட்டர்!”

பறவை அதற்கு முன்பே பறந்துவிட்டது.

காலாபகஸில் இவர் வழிகாட்டி போட்ட தடத்தை விட்டு ஓர் அங்குலம் விலகியதில்லை. சந்தியாகோ தீவில் ஓர் எரிமலைக் குழி இருக்கிறது. ஒரு காலத்தில் உப்பு வெட்டி எடுத்து, கட்டுப்படியாகாமல் கைவிட்டுப் போன இடம். அதைப் பயபக்தியோடு எட்டி நின்று படம் எடுத்து வந்து எங்களுக்கெல்லாம் காட்டினார். செத்த உப்பளத்துக்கு அந்த மரியாதை. இருபது முப்பது பேர் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் உப்பளத்தில் பூட்ஸ். பெரியவரிடம் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டோம். அவர் குனிந்து, சரிந்த வரப்பைக் கையால் அள்ளி வைத்துக்கொண்டே, “பரவால்ல சார், வெளியூரா?” என்றார். “புதுச்சேரி” என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டாராம், அண்டார்டிகாவுக்கு. அங்கே பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இப்போதே பாடம் நடக்கிறது. திரும்பி வரட்டும். அந்த ஐந்து மீட்டரை அவரிடமிருந்து கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதென்று குழுவில் ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம்.